அது தூங்குது, எழுப்பாத

எதிர்வீட்டு அத்தாச்சி விளக்கை அணைத்து நான் பார்த்ததில்லை. அணைக்காமல் இருப்பாரா, அணைப்பார். அந்தச் சொல்லைத்தான் வாயில் எடுக்க மாட்டார். “விளக்கைக் குளிர வச்சுட்டு வாரேன்” என்பார். வீட்டில் உப்புத் தீர்ந்துபோனால் “உப்பு நெறஞ்சிருக்கு” என்பார். எங்கள் வீட்டுக்காரருக்குத் திருக்கோகர்ணத்தில் பலசரக்குக் கடை. அங்கே புதிதாக எடைபோட வந்த ஒருவர், “நெறஞ்சிருந்தா எதுக்கும்மா கடைக்கு வந்தீங்க?” என்று வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார். அத்தாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்க வீட்டுல இப்படித்தான் பட்டுன்னு சொல்லுவாகளா?” என்றார். அன்றிலிருந்து அந்த மனிதர் கடையில் காலியான டப்பாவையெல்லாம் “நெறஞ்சிருக்குங்க” என்று சொல்ல ஆரம்பித்து, எது இருக்கிறது எது இல்லை என்று தெரியாமல் எங்கள் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் திண்டாடிப் போனார்.

அத்தாச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி. இவர் சொந்த அத்தாச்சி இல்லை. தெருவுக்கே அத்தாச்சி. இப்போது அந்த வீட்டில் வேறு குடித்தனம் இருக்கிறது. மகன் வந்து ரெண்டு பேரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். அத்தாச்சியின் வீட்டுக்காரர் ரிட்டையரான பஸ் கண்டக்டர், எனக்கு அண்ணன் முறை. அண்ணன் பெயரை இதில் எங்கேயும் நான் எழுதப் போவதில்லை. முருகனுக்கு உள்ள பல பெயர்களில் ஒன்று, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அத்தாச்சியும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்களே வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டோம், “அவுக” என்போம். அத்தாச்சி அதற்கும் ஒரு படி மேலே. கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் குருக்கள், “யார் பேருக்கும்மா?” என்று கேட்பார். “சாமி பேருக்கே பண்ணிருங்க” என்பார். முருகனைக்கூட “வேல் வச்சிருக்க சாமி” என்றுதான் கும்பிடுவார். அண்ணனுக்கு அதில் ஒரு குறை உண்டு. “நான் டூட்டி பாத்த பஸ்ஸுலயே ஏறினாலும், ‘இங்க பாருங்க, ஒரு டிக்கெட்டு’ன்னுதான் கேப்பா. எம்பேரு அவ வாயில வந்து நான் கேட்டதே இல்லத்தா” என்பார்.

அத்தாச்சி வரன் சொல்லுவார். தரகர் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். “தரகு மாட்டுக்கு. நான் ரெண்டு வீட்டுக்கு நடுவுல கதவைத் தொறந்து விடுறவ” என்பார். எங்கள் ஊரிலிருந்து இலுப்பூர் பக்கம் வரைக்கும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் ஜாதகம் அவரிடம் இருந்தது. அதில் ஒரு வார்த்தை வெளியே வராது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சுற்றி நின்று கேட்பார்கள்.

“அத்தாச்சி, அந்த வாத்தியார் வீட்டுப் பொண்ணுக்கு எங்க பாத்திருக்கு?”

“அது தூங்குதுத்தா, எழுப்பாத.”

“முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாகளே?”

“தூங்குதுங்கிறேன்ல. நீ கொடத்தை எடு, தண்ணி வழியுது.”

அவ்வளவுதான். எந்த ரகசியமும் அத்தாச்சிக்கு ரகசியம் இல்லை, தூங்குகிற பிள்ளை. தொட்டில் பக்கம் சத்தம் போடக் கூடாது.

ரெண்டு வீட்டாருக்கும்கூட முதலில் பெயர் சொல்ல மாட்டார். பெண்களுக்கெல்லாம் ஒரு பூவின் பெயர் வைப்பார், மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு காய். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளையின் காய் மட்டும் தெரியும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணின் பூ மட்டும் தெரியும். தன் பெயர் என்னவென்று தனக்கே தெரியாது. ஜாதகம் பொருந்தி, நேரில் பார்க்கிற நாள் வந்து, அத்தாச்சி நடுவில் நின்று கண்ணைக் காட்டினால்தான் காய்க்கும் பூவுக்கும் ஊரும் பேரும் முளைக்கும்.

இதைக் கேட்டு நானும் முன்பு சிரித்தவள்தான். என் மகளுக்குப் பார்க்க ஆரம்பித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முதல் வரன் பேசி முடிகிற நேரத்தில் மொட்டைக் கடுதாசி போனது, பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறதென்று. ரெண்டாவது வரனுக்குக் கடுதாசி கூட இல்லை, செல்போனில் யாரோ குரல் மாற்றிப் பேசி அனுப்பினார்கள். என் பிள்ளைக்குத் தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. எனக்கு அம்பாள் சந்நிதியில் போய் நின்று அழுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அப்போதுதான் அத்தாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து, “ஜாதகத்தை எங்கிட்டக் கொடு. ஒம் மக இனிமே பரங்கிப்பூ, எதிர்வீடுங்கிறதால ஒனக்கு மட்டும் சொல்றேன். நீ வாயைத் தொறக்காம இரு, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்றார்.

ஜாதகங்கள் முன்பு டிரங்குப் பெட்டியில் இருந்தன. பிறகு லேப்டாப்புக்கு ஏறின. மகன் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். லீவில் வந்தபோது தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து எல்லாம் சொல்லிக் கொடுத்தான். கடைசியில் ஷட் டவுன் என்றானாம். “அப்படின்னா?” என்று கேட்டிருக்கிறார். “மூடி அணைக்கிறதும்மா.” அத்தாச்சி எழுந்து நின்றுவிட்டார். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள என்ன பேச்சுடா பேசுற? அத்தனை வீட்டுப் புள்ளைக ஜாதகமும் உள்ள இருக்கு, மூடி அணைக்கவா?” அவன் தலையில் அடித்துக்கொண்டு, “சரி, அப்ப தூங்க வச்சுருங்க” என்று வேறு ஒரு வழியைக் காட்டியிருக்கிறான். ஹைபர்நேட் என்று அதற்குப் பெயர். அத்தாச்சிக்கு அந்த வார்த்தை வாயில் நிற்கவில்லை, அர்த்தம் நெஞ்சில் நின்றுவிட்டது.

நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு அத்தாச்சி விளக்கிய விதம் இது:

“கம்ப்யூட்டருக்கு மண்டைன்னு ஒண்ணு இருக்குத்தா. வேலை பாக்குறப்ப எல்லாத்தையும் அதுலதான் வச்சுக்கிரும். மண்டை நெறஞ்சிருச்சுன்னா…”

“காலியாயிருச்சுன்னாவா அத்தாச்சி?”

“இல்லடி, நெசமாவே நெறஞ்சிருச்சுன்னா! கொஞ்சத்தைப் பக்கத்துல எறக்கி வைக்க ஒரு எடம் வேணும்ல? ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு இருக்கே, அது மாதிரி. அதுக்குப் பேரு ஸ்வாப்பு. தூங்கப் போறப்ப மண்டையில இருக்குறது பூராத்தையும் அந்தச் சுமைதாங்கியில எறக்கி வச்சுட்டுப் படுத்துரும். அப்புறம் கரண்டு போனாலும் ஒண்ணும் ஆகாது. காலையில எந்திரிச்சு, சுமையைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, விட்ட எடத்துலேருந்து நடக்கும்.”

“சும்மா மூடி வச்சாலும் தூங்கும்னு எம் மக சொல்றாளே?”

“அது கோழித்தூக்கம். பேட்டரி போச்சுன்னா சுமையும் போச்சு.”

“சரி, சுமைதாங்கியில வச்சதை வழியில போறவன் பிரிச்சுப் பாத்துட்டா?”

அத்தாச்சியின் முகம் மலர்ந்தது. “அப்படிக் கேளு! அதான் அதுக்கும் பூட்டு.”

மகன் போட்ட முதல் பூட்டில்தான் கூத்து நடந்தது. ஜாதகங்கள் இருக்கிற இடத்துக்குப் பூட்டு, சுமைதாங்கிக்கும் தனியாக ஒரு பூட்டு. இந்தச் சுமைதாங்கிப் பூட்டு ஒவ்வொரு தடவை எழும்போதும் தானாகவே ஒரு புதுச் சாவி செய்துகொள்ளும். படுக்கும்போது அந்தச் சாவியை மறந்தும் போகும். மகன் லீவு முடிந்து விமானம் ஏறிவிட்டான். அத்தாச்சி நாள் முழுக்க உட்கார்ந்து காயையும் பூவையும் வரிசையாகப் பொருத்தி, அப்படியே தூங்க வைத்தார். மறுநாள் எழுப்பினால் ஜாதகங்கள் இருந்தன, பொருத்தி வைத்த வரிசை ஒன்றும் இல்லை. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். போனைப் போட்டுவிட்டார் பாருங்கள்.

“டேய், நான் தூங்கத்தானடா வச்சேன்! நீ என்ன பண்ணி வச்சிருக்க? இப்பப் பொறந்த புள்ளை மாதிரி முழிக்குது!”

அங்கிருந்து மகன் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. “ஸ்வாப்புக்குத் தெனம் மாறுற சாவி போட்டுட்டேம்மா. அப்படிப் போட்டா எந்திரிக்கிறப்ப பழைய நெனப்பை அதாலேயே தொறக்க முடியாது. மறந்துட்டேன்.”

“சுமையைப் பெட்டியில வச்சுப் பூட்டி, சாவியை உருக்கிட்டியேடா பாவி!”

அப்புறம் தூரத்திலிருந்தே சரி செய்தான். இனி மாறாத ஒரே சாவி. அது ஒரு வார்த்தை. எழுப்பியதும் முதலில் அதைக் கேட்கும், அடித்தால்தான் கண் திறக்கும். அடிக்கிறது திரையில் தெரியாது. மூன்று தடவை தப்பாக அடித்தால் தூக்கத்தில் இருந்ததையெல்லாம் உதறிவிட்டுப் புதிதாக எழுந்துவிடும்.

எனக்கு இது நன்றாகவே விளங்கியது. “பள்ளியறை மாதிரி அத்தாச்சி” என்றேன். “அர்த்தஜாமம் முடிஞ்சு சாமியைப் பள்ளியறையில எழுந்தருளப் பண்ணி நடை சாத்துறாக. பூட்டு தெனம் மாறிக்கிட்டே இருந்தா காலையில குருக்கள் எப்படித் தொறப்பாரு?” அத்தாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து லேப்டாப்புக்கு மஞ்சள் துணி போர்த்துகிற வழக்கம் வந்தது. வெள்ளிக்கிழமை மூடியில் குங்குமம். திருஷ்டிக்கு ஒரு கறுப்புப் பொட்டும் வைத்தார், அண்ணன் அதை அழுக்கு என்று துடைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த வார்த்தையை அத்தாச்சி அடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் கையை மூடிக்கொண்டு, ஒரு விரலால் தட்டுவார். தட்டும்போது உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். அண்ணன் வாசலில் உட்கார்ந்து புலம்புவார்.

“எம் பொஞ்சாதி, என் வீடு, நான் கட்டுற கரண்டு பில்லு. எனக்குத் தெரியாம உள்ள ஒரு பூட்டு!”

அத்தாச்சி இல்லாத நேரத்தில் அவரும் திறந்து பார்க்காமல் இல்லை. குலதெய்வத்தின் பெயர், மகன் பெயர், தான் ஓடின ரூட்டு நம்பர், அத்தாச்சிக்குப் பிடித்த பலகாரம், எதற்கும் அசையவில்லை. நல்ல வேளை, அப்போது உள்ளே ஒன்றும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

இனி என் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை முருங்கைக்காய். இலுப்பூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம், பையனுக்கு வளைகுடா நாட்டில் வேலை. பொருத்தம் பிரமாதம் என்று அத்தாச்சி சொன்னார். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் திருக்கோகர்ணம் கோயிலில், சாமி கும்பிட வந்தவர்கள் மாதிரி ரெண்டு குடும்பமும் வர வேண்டும், அத்தாச்சி பிரகாரத்தில் நின்று இரு பக்கமும் கண்ணைக் காட்டுவார் என்று ஏற்பாடு. பையனுக்கு லீவு முடிகிற நேரம், ஞாயிற்றுக்கிழமை விமானம். அன்றைக்குத் தவறினால் அடுத்த லீவுதான். அதைவிட, முதல் சந்திப்பே தடங்கலாகிவிட்டால் சகுனம் சரியில்லை என்று அவர்கள் ஒதுங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். மூன்றாவதும் போனால் என் பிள்ளை இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டாள், அதை அவளே சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் அத்தாச்சி வாசல் தெளித்துக் கோலம் போடப் போனவர், தெளித்த தண்ணீரிலேயே சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. அண்ணன் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீங்கின கையைப் பார்த்த பதற்றத்தில் கோயில் விஷயம் என் புத்தியிலேயே ஏறவில்லை. எங்கள் வீட்டுக்காரரும் மகளும் அதற்கு முன்பே கோயிலுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள், நான் அத்தாச்சியோடு போவதாக இருந்தேன். ஆட்டோ தெருமுனை திரும்பியதும்தான் எனக்கு உறைத்தது. அத்தாச்சி இல்லாமல் யார் கண்ணைக் காட்டுவது? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முருங்கைக்காயை எங்கே போய்த் தேடுவது?

போன் அடித்தது. அண்ணன் நம்பர், அத்தாச்சி குரல்.

“ஏத்தா, எங்க வீட்டைத் தொற. லேப்டாப்பை எழுப்பு. நேத்து முருங்கைக்காய் பக்கத்தைத் தொறந்து வச்சபடியேதான் தூங்க வச்சேன். எந்திரிச்சா போட்டோவும் போன் நம்பரும் மொகத்துக்கு நேரா நிக்கும்.”

“செல்லுல நம்பர் இல்லையா அத்தாச்சி?”

“செல்லு சந்தைக்கடை. அதுல யாராச்சும் வைப்பாகளா? ஓடு!”

ஓடினேன். மஞ்சள் துணியை எடுத்து, கும்பிட்டு, பட்டனை அமுக்கினேன். கறுப்பாக வந்து என்னவோ கேட்டது.

“கேக்குதுங்க அத்தாச்சி. என்னத்த அடிக்க?”

அத்தாச்சி மெதுவாக, “அதான்த்தா… அவுக” என்றார்.

“அவுகளா?”

“ஆமா, அவுகதான். சீக்கிரம் அடி.”

அடித்தேன். ஒன்றும் அசையவில்லை. மறுபடியும் கேட்டது.

“அவுக அடிச்சேன், இல்லைங்குது.”

“என்னன்னு அடிச்ச?”

“ஏ, வி, யு, ஜி, ஏ.”

“அடியே கூறுகெட்டவளே! அவுகன்னா அவுகளா? அவுக பேருடி!”

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மகளின் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கிறது, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரையே விட்டுத் தேடினாலும் கிடைக்காத இடம் பார்த்து ஒளித்திருக்கிறார். உலகத்திலேயே தன் வாயில் வரவே வராத ஒரு வார்த்தையைத்தானே பூட்டாகப் போட முடியும்!

“சிரிக்காதடி. பக்கத்துலதான் நிக்கிறாக. டீ குடிச்சுட்டு வாங்கன்னா நகர மாட்டேங்கிறாக.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அண்ணன் பெயரைக் கூட்டி அடித்தேன். அதுவும் இல்லை என்றது. சிரிப்பு அப்படியே வற்றிவிட்டது. இன்னும் ஒரே தடவை. முருகன் பெயரை இங்கிலீஷில் எழுதுவதென்றால் சும்மாவா? நடுவில் ஒரு எழுத்து கூடும் குறையும், கடைசியில் ‘என்’னா ‘எம்’மா என்பது அவரவர் இஷ்டம்.

“எழுத்தெழுத்தாச் சொல்லுங்க அத்தாச்சி.”

“எழுத்துக் கூட்டினா பேரு சொன்ன மாதிரிதானடி?”

“இங்கிலீஷ் எழுத்துதானே. சாமி கணக்குல வராது.”

“ஏன், சாமிக்கு இங்கிலீஷ் தெரியாதாக்கும்?” என்றார். பிறகு என் மகள் நினைப்பு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, “சரி, வடிவமாச் சொல்றேன். மொத எழுத்து பாம்பு மாதிரி வளையும். அடுத்தது கிண்ணம். அதுக்கடுத்து…”

அதற்குள் அண்ணன் போனை வாங்கிவிட்டார். “என்னாத்தா இது? பாம்புங்கிறா, கிண்ணங்கிறா. ஊசி போட்டதுல ஒளறுறாளா?”

எனக்கு அப்போது நாக்கு நிற்கவில்லை. “அண்ணே, லேப்டாப்புப் பூட்டு உங்க பேருதான்!”

“எம்பேரா?”

“ஆமாண்ணே.”

“எம்பேரா?”

அண்ணன் மூன்றாவது தடவை கேட்டது என்னிடம் இல்லை. “ஏய், எம்பேரா?” என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி, பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு விசாரிக்கிற குரலில் கேட்டார். “கத்தாதீக, எல்லாரும் பாக்குறாக” என்று அத்தாச்சி சிணுங்கியது எனக்குக் கேட்டது.

பிறகு அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீ என்னன்னு அடிச்ச தங்கச்சி?” என்றார். சொன்னேன். “அப்படியெல்லாம் இல்ல. இவ எம்பேரை எங்க படிச்சிருப்பா? என் யூனிஃபார்ம் சட்டையில பேருப் பட்டை இருந்துச்சுல்ல, அதுலதான். தொவைக்கிறப்ப கழட்டி, இஸ்திரி போட்டுட்டு இவதான் திரும்பக் குத்துவா. அந்தப் பட்டை செஞ்ச கடைக்காரன் நடுவுல ஒரு ‘ஏ’யை முழுங்கிட்டான். ‘ஏ இல்லாத கண்டக்டரு’ன்னு டிரைவர்மாரெல்லாம் கேலி பண்ணுவாக.” போனை விலக்கி, “ஏ இல்லாமத்தான அடிக்கிற?” என்று கேட்டார்.

“அதுல ஏ ஏது? நான் எத்தனை வருஷமாப் பாத்திருக்கேன்” என்றார் அத்தாச்சி.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவள் எங்கள் அரைக்காசு அம்மன். “தாயே, ஒரு எழுத்துத் தொலைஞ்சு கெடக்கு, அதைத் தொலைஞ்சபடியே வச்சு என் புள்ளையைக் காப்பாத்து, வெல்லம் வைக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டு விரலை வைத்தேன். அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். நான் அடித்து முடித்ததும் “ரைட்டு” என்றேன், அவர் அடுத்ததைச் சொன்னார். கடைசி எழுத்து வந்தது.

“அடிச்சுட்டேண்ணே.”

“போலாம், ரை…ட்!”

என்டரைத் தட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரை வெளுத்தது. நேற்று அத்தாச்சி விட்ட இடத்திலேயே, ஒரு வரி கலையாமல், முருங்கைக்காய் எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் அம்மாவும் பிள்ளையும் நிற்கிற போட்டோ, கீழே நம்பர். ஓரத்தில் கத்தரிக்காய், பாகற்காய் என்று பல பெயர்கள் வரிசையாக நின்றன.

“கண்ணை அங்கிட்டு இங்கிட்டு ஓட்டாத!” என்று போனில் அத்தாச்சி அதட்டினார். நான் பாகற்காயைத் தொடவில்லை, அம்மன் சாட்சி. “நம்பரை எடுத்துக்கிட்டு, திரும்பத் தூங்க வச்சுட்டுப் போ.”

தூங்க வைத்து, துணியைப் போர்த்திவிட்டு, வாசலில் இறங்கும்போதே அந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பெண் குரல்.

“முருங்கைக்காய் வீடுங்களா?”

“காய்கறியெல்லாம் நாங்க விக்கிறதில்லைங்க” என்று வைத்துவிட்டார்.

திரும்பப் போட்டேன். “வச்சுறாதீங்க. அத்தாச்சி சொல்லித்தான் பேசுறேன். கோயில்ல பாக்குறதா…”

“பரங்கிப்பூவா?” அந்தக் குரல் துள்ளியது. “நீங்கதான் பரங்கிப்பூவா? அப்ப நாங்க முருங்கைக்காயா? கடவுளே, எவ்வளவு நேரமா நிக்கிறோம்! கெளம்பிறலாம்னு இவுக சொல்லிக்கிட்டு இருக்காக.”

“போயிறாதீங்க. நாங்கதான் பரங்கிப்பூ. இந்தா வந்துட்டேன்!”

தெருவில் நான் அப்படிக் கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கோயிலுக்குள் போனால், போட்டோவில் பார்த்த அந்த அம்மா அம்பாள் சந்நிதிக்கு எதிரே நெய்விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். காற்றில் திரி நிற்கவில்லை. பக்கத்தில் கையைக் குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். என் மகள். இவர் யார் என்று அவளுக்குத் தெரியாது, அவள் யார் என்று இவருக்கும் தெரியாது. நான் மூச்சிரைக்கப் போய் நின்று, “இதுதாங்க எங்க பரங்கிப்பூ” என்றேன். அந்த அம்மா எழுந்து என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பையன் தூணுக்குப் பின்னால் நின்று, தான் முருங்கைக்காய் என்பதை அப்போதுதான் தன் அப்பாவிடமிருந்து தெரிந்துகொண்டு விழித்துக்கொண்டிருந்தான். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. எந்தக் கடுதாசிக்கும் நேரம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் மாவுக்கட்டோடு அத்தாச்சி வீடு வந்து சேர்ந்தார். அம்மனுக்கு வைத்த வெல்லத்தில் ஒரு துண்டைக் கொண்டுபோய் அவர் வாயில் போட்டேன். தின்றுகொண்டே, “பேரு வெளிய வந்துருச்சு. இனி அது பூட்டு இல்ல. கட்டைப் பிரிச்சதும் மாத்திருவேன்” என்றார்.

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. “இத்தனை வருஷம் தெனம் எம்பேரை எழுதியிருக்கா. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்ச அன்னிக்கே மாத்துறேங்கிறாளே தங்கச்சி, நீ சொல்லேன்” என்று என்னிடம் முறையிட்டார். அத்தாச்சி அசையவில்லை. கட்டுப் பிரித்த அன்றே மகன் போனில் சொல்லச் சொல்ல மாற்றியும்விட்டார். புதிய வார்த்தை என்னவென்று கேட்டு அண்ணன் நடையாய் நடந்தார். ஒரே பதில்தான் கிடைத்தது. தூங்குகிறதாம்.

அடுத்த லீவில் கல்யாணம். தாலி ஏறின பிறகு பெண்கள் சூழ்ந்துகொண்டு, “மாப்பிள்ளை பேரைச் சொல்லு” என்று என் மகளைச் சீண்டினார்கள். அவள் கொஞ்சமும் கூசாமல் “முருங்கைக்காய்!” என்றாள். மண்டபமே சிரித்தது. பிறகு கூட்டம் அத்தாச்சி பக்கம் திரும்பியது. “அத்தாச்சி, நீங்க சொல்லுங்க! இன்னிக்கு விடுறதா இல்ல!” அத்தாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முகமெல்லாம் சிவந்து, கூட்டத்தை விலக்கி என்னிடம் வந்து, என் உள்ளங்கையை இழுத்து, முந்தானைக்குள் வைத்து, விரலால் எழுத ஆரம்பித்தார். பாம்பு. கிண்ணம். நடுவில் ஒரு இடம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, பட்டையில் இல்லாத அந்த ‘ஏ’யை நன்றாக அழுத்தி எழுதினார். மற்றதை முடித்து, கையை மூடிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி பந்திப் பக்கம் நடந்தார்.

அண்ணன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாயச வாளியோடு என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, ஒங் கையில என்னமோ எழுதினாளே. புதுப் பூட்டா?” குரல் இறங்கியது. “எம்பேரு அதுல இருக்கா?”

நான் உள்ளங்கையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

“அது தூங்குதுண்ணே, எழுப்பாதீக.”